கண்ணாடி அறையில் காத்திருந்த மெயில்

பழனி அடிவாரம்
9 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பிறகு அடிக்க வேண்டாமே என்று முதலிலேயே விட்டுவிட்டேன்.

போன மாதம் நான் அனுப்பிய மெயிலுக்கு உங்கள் பதில் கிடைத்தது. இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்பீர்கள், இல்லாவிட்டால் 'சர்வர் வேலை முடியட்டும்' என்பீர்கள். இந்த முறை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சந்தோஷம்.

இனி மெயில் எழுத மாட்டேன். போனும் வேண்டாம். போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். தாளில் கத்த முடியாது என்பதால் இந்தக் கடிதம். இதற்குப் பதில்கூட வேண்டியதில்லை. என் தையல் மிஷின், மாமி எனக்கென்று கொடுத்த பித்தளைத் தூக்கு, என் பாஸ்போர்ட், இந்த மூன்றையும் பழனிக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் எதற்கென்றால், அக்கா என்னை ஷார்ஜாவுக்குக் கூப்பிடுகிறாள். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். இரண்டு வருட ஒப்பந்தம். போய்விடலாம் என்றுதான் இருக்கிறேன்.

அத்தாவிடம் உங்கள் பதிலைக் காட்டவில்லை. அவர் இன்னமும் தினம் சோற்றுத் தட்டில் கை வைக்கும் முன்னால், "மாப்ள சாப்டுச்சான்னு கேட்டியாம்மா?" என்கிறார். "கேட்டேன்த்தா, சாப்டாங்களாம்" என்கிறேன். உங்களால் இந்தப் பொய்யையும் பழகிக்கொண்டேன்.

அஸ்ஃபியா


நாயுடுபுரம், கொடைக்கானல்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் அந்த வார்த்தையை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தாலும் ஒன்றும் புரியவில்லை. நீ எனக்கு மெயில் அனுப்பினாயா? எப்போது? எனக்கு எதுவும் வரவில்லை. வராத மெயிலுக்கு நான் எப்படிப் பதில் எழுதியிருப்பேன்?

நீ போன பிறகு இந்த வீட்டில் பனி அதிகமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பேரிக்காய் மரம் காணாமல் போகிறது. பிறகு கேட் காணாமல் போகிறது. நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் மிஞ்சுகிறேன். நான் நடத்தும் சர்வர் வழியாக ஓட்டல்காரர்களின் மெயிலும் மண்டிக்காரர்களின் மெயிலும் திரையில் வரிவரியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லோருக்கும் யாரோ எதையோ எழுதுகிறார்கள். எனக்கு யார் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் போன் அணைந்தே இருக்கிறது. ஒருநாள் பழனிக்கே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அடிவாரம் வரை நடக்கத் தைரியம் வராமல் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். சிரிக்காதே.

நான் எழுதியதாகச் சொல்கிறாயே, அந்தப் பதிலை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அது பொய். பாஸ்போர்ட் என் மேஜைமேல்தான் இருக்கிறது.

வாசிம்


பழனி அடிவாரம்
18 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

எழுதவே இல்லையா? சரி, எழுதாதவருக்கு அவர் எழுதியதை அனுப்புகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் அத்தா தொழப் போயிருந்தார். பாத்திரக்கடையில் நான் மட்டும்தான். கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடை முகவரியிலிருந்தே உங்களுக்கு எழுதினேன். என் சொந்த முகவரி உங்கள் சர்வரில் இருக்கிறது. அதன் சாவி உங்களிடம். கோபித்துக்கொண்டு வந்தவள் அதிலிருந்து எழுதலாமா? அனுப்பிவிட்டு டீயை எடுத்தேன். அது ஆறுவதற்குள் பதில். இவ்வளவு வெரசாக நீங்கள் எனக்கு எதையும் எழுதியதில்லை.

ஏதேதோ எண்கள். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். தமிழில் சொன்னால் இதுதான்: 'நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வரும் எதுவும் எங்களுக்கு வேண்டாம். மறுபடி முயல வேண்டாம். இப்படிக்கு, வாசிம்.'

மிஷின் அனுப்பியது என்று முதலில் ஒதுக்கப் பார்த்தேன். உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் மிஷினுக்கு வாசிம் என்றா பெயர்? அத்தா கடை மெயிலைத் தேடிப் பிடித்து அடைத்துவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

போடக்கூடியவர்தான் நீங்கள். ஆகஸ்டில் உங்கள் வாடிக்கையாளரான காட்டேஜ்காரர் ஒருவர் போலி மெயிலை நம்பி ஏமாந்தாரே, அன்றைக்கு அத்தா நம் வீட்டில்தான் இருந்தார். "ஒருத்தன் ஏமாத்துனான்னு ஊரையே சந்தேகப்பட்டா எப்புடிப்பா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாத்திரம் விக்கிற ஆளுக்கு இதெல்லாம் வெளங்காது மாமு. உங்க சோலியப் பாருங்க." அத்தா டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

நீங்கள் சொன்ன சொல்லைக்கூட மறந்துவிடுவேன். அந்த டம்ளரை மறக்க முடியவில்லை. மகள் வீட்டில் விருந்தாளி மாதிரிக்கூட இல்லை, யாரோ மாதிரி டம்ளர் கழுவினார்.

பாஸ்போர்ட்டை அனுப்புங்கள்.

அஸ்ஃபியா


நாயுடுபுரம், கொடைக்கானல்
22 அக்டோபர் 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலை ஒட்டிய கண்ணாடி அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் கதவிடுக்கில் போட்ட இடம் அதுதான். உள்ளே எழுந்து போக முடியவில்லை.

அந்த வரியை எழுதியவன் நான்தான். ஆனால் அதை உனக்கு எழுதவில்லை.

சொல்கிறேன், கேள். எந்தெந்த சர்வரிலிருந்து குப்பை மெயிலும் போலி மெயிலும் கிளம்புகின்றன என்று கவனித்துப் பட்டியல் போடுகிறவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். கறுப்புப் பட்டியல் என்போம். ஆளின் பெயர் அதில் இருக்காது, அவன் சர்வரின் எண் மட்டும் இருக்கும், வீட்டுக் கதவு எண் மாதிரி. காட்டேஜ்காரர் ஏமாந்த மறுநாள் நான் அந்தப் பட்டியல்களை எல்லாம் கொண்டுவந்து நம் வாசலில் மாட்டினேன். ஏதாவது ஒன்றில் எண் இருந்தாலும் கதவைத் திறக்காதே என்று சர்வரிடம் சொன்னேன். திரும்பிப் போகிறவனுக்கு ஒரு வாசகமும் எழுதி வைத்தேன். எல்லோரும் அந்த இடத்தில் பெயரில்லாமல் எழுதுவார்கள். எனக்கு வீறாப்பு. அடிக்கிறவன் பெயர் சொல்லி அடிக்க வேண்டும் என்று என் பெயரைப் போட்டேன்.

மாமுவின் கடை மெயில் எங்கே குடியிருக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன். மலிவான இடம். ஒரே கதவு எண்ணில் நூற்றுக்கணக்கான கடைகள். அதில் எவனோ ஒருத்தன் லாட்டரி விழுந்ததாக ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறான். மொத்தக் குடியிருப்பையும் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். உன் மெயில் அந்த வாசல் வழியாக வந்திருக்கிறது. என் வாசலில் நான் மாட்டிய பட்டியல், நான் எழுதிய வரி, என் பெயர். நீ நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

கொடுமை என்னவென்றால், கதவிலேயே திருப்பிவிட்டதால் உன் மெயிலின் ஓரெழுத்துகூட என்னிடம் இல்லை. வந்தது, திரும்பியது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அஸ்ஃபியா, அதில் என்ன எழுதியிருந்தாய்?

நேற்று விடியப்போகும் நேரத்தில் ஒரு கனவு. பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஏறி வருகிறார்கள். எல்லோரும் சால்வை போர்த்தி, சொட்டச் சொட்ட நனைந்து கேட்டருகே நிற்கிறார்கள். நான் நிமிர்ந்து முகம் பார்க்காமல் எண்ணைக் கேட்கிறேன், போகச் சொல்கிறேன். யாரும் சண்டை போடவில்லை. திரும்பிப் பனிக்குள்ளேயே நடக்கிறார்கள். ஒருத்தியின் காலில் உன் செருப்பு இருந்தது.

பாஸ்போர்ட்டைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பிவிட்டேன். உன்னை நிறுத்தி வைக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அப்படி நிறுத்தி வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசிம்


பழனி அடிவாரம்
27 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

முதலில் அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது. ஊரில் எல்லோருக்கும் மெயில் சேர்த்து வைக்கிற மனிதர் சொந்தப் பெண்டாட்டியின் மெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, எனக்கு யார் எழுதுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்! பாத்திரம் வாங்க வந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கோபம் வந்தது. மிஷின் திருப்பியது என்கிறீர்கள். மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அத்தாவிடம் வாயால் சொன்னதைத்தான் அதனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அத்தா ஏன் அந்த மலிவான இடத்தில் குடியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடைக்கு மெயில் வாங்கும்போது நான்தான் கேட்டேன், "நம்ம வீட்டு சர்வர் இருக்கும்போது வெளிய எதுக்குத்தா?" என்று. "பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல போயி நாம குடியிருக்கக் கூடாதும்மா" என்றார். சர்வர் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் முறை தெரியும் அவருக்கு. உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று போனவரை உங்கள் வாசலிலேயே அடைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. நான் ஒருத்தி திரும்பினேன், எனக்காவது கடிதம் எழுதத் தெரிந்தது. ஆகஸ்டிலிருந்து இன்னும் யார் யாரைத் திருப்பினீர்கள்? பார்த்தீர்களா?

மெயிலில் என்ன எழுதியிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அது அன்றைக்கு எழுதியது.

பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அதை அனுப்பாமல் இருந்திருந்தால் திட்டியிருப்பேன். அனுப்பியதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மாடியில் துணி காயப்போடும்போது உங்கள் மலை தெரிகிறது. இன்று மேலே பாதி மேகம். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், வேறொன்றும் நினைக்கவில்லை.

அஸ்ஃபியா


நாயுடுபுரம், கொடைக்கானல்
3 நவம்பர் 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

நீ கேட்ட பிறகுதான் பார்த்தேன். குப்பைதான் பெரும்பாலும். ஆனால் நடுநடுவே மனிதர்கள் இருந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை. ஒட்டன்சத்திரம் மண்டியில் முருங்கைக்காய் கேட்டு எழுதிய கேரளக்காரர் ஒருவர். எல்லோருக்கும் என் பெயர் போட்ட அந்த வரி போயிருக்கிறது.

படித்த அன்றே பட்டியல்கள் அத்தனையையும் கழற்றிவிட்டேன். கதவை அகலத் திறந்தேன். மனசு லேசாக இருந்தது. மறுநாள் ஒட்டன்சத்திரம் மண்டியிலிருந்து சண்முகராஜ் அண்ணாச்சி போன்: "ஏலே வாசிம், என்னலே இது? மண்டிக்குள்ள மாடு பூந்த மாதிரி குப்பையா வந்து கெடக்கு. எனக்கு வந்த ஆர்டரை எங்கன போயித் தேடுவேன்?" அதற்கு அடுத்த நாள் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றுக்கு மறுபடி ஒரு போலி மெயில். நல்லவேளையாக மேனேஜர் என்னைக் கேட்டுவிட்டார்.

அந்த ஆசிரியை எழுதியது கூக்காலில் அறை வாடகைக்கு விடும் அன்னக்கொடி அக்காவுக்கு. தீபாவளி லீவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று மூன்று தடவை முயன்றிருக்கிறார். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறிப் போனேன். அந்த ஊருக்கு பஸ் என்பதே எப்போதாவது வரும் விருந்தாளி. பூண்டு வயல்களுக்கு மேல் பனி இறங்கி, ஏரி எது வானம் எது என்று தெரியவில்லை. ஏரிக்கரையில் நின்றபோது நானும் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேராத ஏதோ ஒன்று போலவே இருந்தேன். தண்ணீரில் ஒரு பறவை சத்தமில்லாமல் போனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அன்னக்கொடி அக்கா வெளுத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மடித்த விரிப்பைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப இந்த மழைய எதுக்குய்யா நான் வஞ்சேன்? மழை பேஞ்சுதான் யாரும் வரலன்னு தெனமும் வஞ்சுக்கிட்டு இருந்தேன். பாவம் அது" என்றார். என்னைத் திட்டவில்லை. சுடச்சுட உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன், அஸ்ஃபியா. அடுப்புப் புகை கண்ணுல பட்டுருச்சு என்று அவரே எனக்காகச் சொல்லிக்கொண்டார்.

அடைத்தால் இவர் போகிறார், திறந்தால் அண்ணாச்சி போகிறார். இந்தத் தொழிலையே மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வாசிம்


பழனி அடிவாரம்
7 நவம்பர் 2024

மச்சானுக்கு,

மூடுங்கள். முதலில் எல்லோரையும் வெளியே நிறுத்தினீர்கள், பிறகு எல்லோரையும் உள்ளே விட்டீர்கள், இப்போது வீட்டையே இடிக்கிறீர்கள். நடுவில் ஒன்று இருக்கும் என்று உங்களுக்கு எப்போதும் தோன்றாது. கோபம் வந்தால் ஒரு வாரம் பேச மாட்டீர்கள், கோபம் தீர்ந்தால் ஒரே நாளில் மூன்று சினிமாவுக்குக் கூப்பிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நம் கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. கல்யாணமாகி முதல் தடவை மலைக்கு வந்த அன்று அடை மழை. பெருமாள்மலையிலிருந்தே நனைந்து வந்தோம். வாசலைத் தாண்டியதும் அந்தச் சின்ன அறை. வெளியும் இல்லை, வீடும் இல்லை. கம்பளம் நனையுமே என்று நான் அங்கேயே நின்றேன். மாமி அப்போது உயிரோடு இருந்தார்கள். "நில்லுமா, சொட்டறது சொட்டட்டும்" என்று துண்டு கொடுத்தார்கள். குடையை மூலையில் வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் அடுப்பு வாசனை. நான் யாரென்று வீட்டுக்கும், வீடு எப்படி என்று எனக்கும் தெரிகிற வரை அங்கே நின்றேன். பயம் போன பிறகுதான் உள்ளே வந்தேன்.

மலையில் எல்லா வீட்டிலும் அந்த அறை இருக்கிறது. தபால் அங்கேதான் விழுகிறது, பால் அங்கேதான் வைக்கிறார்கள். தெரியாதவர்கள் வந்தால் அங்கேதான் உட்கார வைப்போம். மழையில் திருப்பியும் அனுப்ப மாட்டோம், படுக்கையறைக்கும் விட மாட்டோம். உங்கள் சர்வருக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு கதவு?

எனக்கு இதெல்லாம் தெரியாது. பாத்திரம் விற்கிற ஆளின் மகள். தோன்றியதை எழுதினேன்.

விசா வந்துவிட்டது. டிசம்பர் ஐந்தாம் தேதி டிக்கெட் பார்த்திருக்கிறாள் அக்கா.

அஸ்ஃபியா


நாயுடுபுரம், கொடைக்கானல்
14 நவம்பர் 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

டிசம்பர் ஐந்து என்று நீ எழுதிய இடத்தில் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. அது மழையா நீயா என்று கேட்க மாட்டேன்.

கண்ணாடி அறை கட்டிவிட்டேன். பட்டியல்களை மறுபடி மாட்டினேன், ஆனால் இப்போது பட்டியல் தீர்ப்புச் சொல்வதில்லை, காதில் ஒரு வார்த்தை போடுகிறது. ஒரு பட்டியலில் எண் இருந்தால் ஒரு புள்ளி. அனுப்பியவர் பெயரும் கையெழுத்தும் பொருந்தாவிட்டால் இன்னும் சில புள்ளிகள். பழகிய ஆளாக இருந்தால் புள்ளி குறையும். புள்ளி மிகவும் ஏறினால்தான் கதவு மூடும். நடுவில் நிற்பவை எல்லாம் கண்ணாடி அறைக்குப் போகின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் அறை. காலையில் அவர்களே பார்த்து, வேண்டியவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம். இதைச் செய்ய முடியும் என்று எனக்கு எப்போதோ தெரியும். பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

சண்முகராஜ் அண்ணாச்சி, "காலங்காத்தால வாசல்ல நிக்கிறவன் மூஞ்சியெல்லாம் நான் பாக்கணுமாக்கும்?" என்று சத்தம் போட்டார். இரண்டே நாளில் அந்த அறையில் கேரள முருங்கைக்காய்க்காரர் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியிடமிருந்து அதற்குப் பிறகு போன் இல்லை. ஆசிரியைக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்டேன். அரைப் பரீட்சை லீவுக்குக் கூக்கால் வருகிறார்களாம்.

மூடிய கதவில் தொங்கும் வாசகத்தையும் மாற்றினேன். என் பெயரை எடுக்கவில்லை, போன் நம்பரைச் சேர்த்தேன். 'உங்கள் இடத்தைப் பற்றிப் புகார் இருப்பதால் இதை ஏற்க முடியவில்லை. தவறு எங்களுடையதாக இருந்தால் மன்னியுங்கள். என்னைக் கூப்பிடுங்கள்.'

மாமு உன்னிடம் சொன்னாரோ என்னவோ, செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்திருந்தேன். இந்த முறை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கவில்லை. நீ ஏதோ பேப்பர் வேலையாக மதுரைக்குப் போயிருந்தாய். "மாமு, அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். "என்னைக்கு?" என்றார். பிறகு இட்லிக் கொப்பரை வியாபாரம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். டீ குடித்துவிட்டு நான் டம்ளரைக் கழுவ எழுந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "வைங்க மாப்ள. இது நம்ம வீடு" என்றார். கடை மெயிலை என் சர்வருக்கே மாற்றித் தருகிறேன் என்றேன். "வேற நல்ல எடம் சொல்லுங்க, போறேன். அங்க மட்டும் வர மாட்டேன், மொறை இல்ல" என்றார்.

அதனால் கடை இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஓர் ஆசை. அன்றைக்கு எழுதிய மெயிலை, அதே கம்ப்யூட்டரிலிருந்து, அதே முகவரியிலிருந்து ஒரு தடவை அனுப்பு. என்ன எழுதியிருந்தாலும் சரி. திட்டாக இருந்தாலும் அது எனக்கு வந்த திட்டு. அதை வாங்கிக்கொண்டு உன்னை ஷார்ஜாவுக்கு அனுப்புகிறேன்.

வாசிம்


பழனி அடிவாரம்
19 நவம்பர் 2024

மச்சானுக்கு,

மாமனாரும் மருமகனும் சேர்ந்து என்னிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அத்தா இரண்டு நாளாகக் கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார், நான் வியாபாரம் நன்றாக நடக்கிறது போல என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் அனுப்பிவிட்டேன். எதையும் மாற்றவில்லை. எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, அதைக்கூடத் திருத்தவில்லை. அனுப்பிவிட்டு டீயை எடுத்தேன். டீ ஆறிப்போனது. பதில் வரவில்லை. பதில் வராததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். பதிலையும் தபாலில்தான் எழுத வேண்டும். உங்கள் சர்வரின் வேகமான பதிலை ஒரு தடவை வாங்கியவள் நான்.

டிக்கெட்டுக்கு அக்காவிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அஸ்ஃபியா


நாயுடுபுரம், கொடைக்கானல்
23 நவம்பர் 2024

என் அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. என் கண்ணாடி அறையில், மாமுவின் கடைப் பெயரோடு, பக்கத்தில் சந்தேகப் புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தது. நான் திறக்கவில்லை. உன் கடிதம் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். ஒரு மாதத்துக்கு மேலாக அந்த மெயிலை நானே மனதில் எழுதி எழுதிப் படித்திருக்கிறேன். ஒருநாள் அது பக்கம் பக்கமாகத் திட்டும். ஒருநாள் கவிதையாக இருக்கும். ஒருநாள் தலாக் கேட்கும். பனி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த நாட்களில் அது எனக்குத் தெரிந்த எல்லாக் குரலிலும் பேசிவிட்டது.

நேற்று உன் கடிதம் வந்தது. திறந்தேன். நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன்:

'மச்சான், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். பச்சை ஸ்வெட்டர் பீரோவுக்கு மேலே இருக்கும் பெட்டியில், பழைய போர்வைக்கு அடியில் இருக்கிறது. அத்தாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், அவர் மறந்துவிடுவார். நான் வரட்டுமா?'

இவ்வளவுதானா, அஸ்ஃபியா. நான் இரண்டு மாதமாக அந்த ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்றுகூட நினைத்தேன். நாற்காலி போட்டு ஏறினேன். போர்வைக்கு அடியில் இருந்தது. போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வரட்டுமா என்று நீ கேட்டிருக்கிறாய். வேண்டாம், மறுபடி முயலாதே என்று என் பெயர் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் நீ கோபமாகவாவது எனக்கு எழுதினாயே.

இப்போது 'வா' என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டியவள் நீ இல்லை. அடுத்த சனிக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறேன். கடை வாசலில், படிக்குக் கீழேயே நின்று நான் கேட்கிறேன். வரட்டுமா என்று. நீயும் மாமுவும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசியுங்கள். பச்சை ஸ்வெட்டரோடுதான் வருவேன், பழனி வெயிலில் வேர்த்தாலும் கழற்ற மாட்டேன்.

வாசிம்


பழனி அடிவாரம்
27 நவம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பார்த்தீர்களா, அந்த வார்த்தையை எழுதிவிட்டேன்.

இன்று புதன்கிழமை. தபால் சனிக்கிழமைதான் மலையேறும். நீங்கள் அதற்குள் பூட்டிவிட்டு பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்காவிடம் பேசிவிட்டேன். கத்தினாள். கத்தட்டும், அவளும் நம் குடும்பம்தானே. அத்தாவிடம் சனிக்கிழமை விருந்தாளி வருகிறார் என்றேன். "விருந்தாளியா? மாப்ளன்னு சொல்லு" என்று திருத்தினார். நீங்கள் படிக்குக் கீழே நின்று கேட்கப் போகும் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நிற்க வைப்பேன். ஸ்வெட்டரில் நீங்கள் வேர்த்து நிற்பதை அடிவாரமே பார்க்கட்டும். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

தபால்காரர் இதைக் கதவிடுக்கில் போடுவார். குடை மூலைக்குப் பக்கத்தில், கண்ணாடி அறைத் தரையில் இது கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனி இறங்கியிருக்கும். நீங்கள் பூட்டைத் திறக்கத் தடுமாறுவீர்கள். என் கையில் பையும் அத்தா கடைப் புது டம்ளர்களும் இருக்கும். கதவு திறந்ததும் குனிந்து இதை எடுக்கப் போவீர்கள்.

எடுக்காதீர்கள். நான்தான் எடுப்பேன்.

உங்கள் அஸ்ஃபியா